சிவப்புத் தொப்பி, வெள்ளைத் தொப்பி

பந்தய மைதானத்தின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்து எழுந்திருக்கிறவர்கள் குறைவு. இருட்டு கலைவதற்கு முன்பே, பயிற்சிக்குப் போகும் குதிரைகள் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நடக்கும். லாடம் சரளையில் உரசும் சத்தம் கேட்டால் அடுப்பைப் பற்றவைப்போம். அந்தச் சத்தம் தூரம் போய், ஈர மண்ணைப் பல கைகள் சேர்ந்து அறைவது போல மாறும்போது டீ கொதித்திருக்க வேண்டும். தெருவில் பாதிப் பேர் குதிரையால் பிழைக்கிறவர்கள். வைக்கோல் சுமக்கிறவர், சேணம் தைக்கிறவர், லாடம் அடிக்கிறவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. மீதிப் பாதிப் பேர் சாணி நாற்றத்தைப் பற்றி வாரம் முழுக்கக் குறை சொல்லிவிட்டு, பந்தய நாளில் முதல் ஆளாக வேலியோரம் போய் நிற்கிறவர்கள்.

தெருவின் கோடி வீட்டில் மைக்காரர் இருந்தார். மைதானத்து ஒலிபெருக்கியில் ஓட்டத்தை வர்ணிக்கிறவர். வீட்டில் அவர் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. காய்கறிக் கடையில் அரைக் கிலோ என்று சொன்னால் கடைக்காரர் காதைக் கிட்டே கொண்டுவந்து இன்னொரு முறை கேட்பார். ஆனால் மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த மெல்லிய மனிதர் எங்கோ போய்விடுவார். வேறு ஒருவர் வருவார். தெளிவான, அவசரமில்லாத, யார் பக்கமும் சாயாத ஒரு குரல். இத்தனை வருஷத்தில் ஒரு குதிரையின் பெயரைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்று எங்கள் தெருவுக்கே அதில் ஒரு பெருமை.

அவர் மனைவி மைதானத்தில் சட்டை அறையைப் பார்த்துக்கொள்கிறவர். ஒவ்வொரு குதிரைக்காரருக்கும் தனி வண்ணச் சட்டை உண்டு. ஜாக்கிகள் போட்டுக்கொள்ளும் அந்தப் பளபளப்புச் சட்டைகளைத் துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, ஓட்டத்துக்கு முன்னால் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தெருவுக்கு அவர் தையல்காரம்மா. வாலிபத்தில் மைக்காரர் வண்ணங்களை மனப்பாடம் பண்ணுவதற்காகச் சட்டை அறைக்கு வந்து போவார். எல்லாம் மனப்பாடமான பிறகும் வந்தார். "பச்சையில வெள்ளைப் புள்ளி யாரோடது?" என்று அதே கேள்வியை நாலாவது முறை கேட்டபோது, "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். உட்காருங்க, டீ போடறேன்" என்றார் தையல்காரம்மா. அப்படித்தான் அந்தக் குடும்பம் ஆரம்பித்தது.

ஒரே மகள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாளாம். சூடான சட்டியில் போட்டது போல ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். அதனால் கடுகு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி லாயத்தில் போய் நிற்பாள். வளர்ந்த பிறகு விடிகாலைப் பயிற்சிக்குக் குதிரை ஓட்டினாள். பனியில் மூக்கு சிவக்க, குளம்பு தெறித்த மண் முகத்தில் காய்ந்திருக்க வீட்டுக்கு வருவாள். இரண்டு முறை கீழே விழுந்து தோள் இறங்கியது. "போதும்டி" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சேணத்தில் இருந்தாள். போன மாதம்தான் ஜாக்கி உரிமம் கைக்கு வந்தது. நான் சொல்ல வந்தது அவளுடைய முதல் ஓட்டத்தன்று நடந்தது.

அன்று காலை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சமையலறை மேஜையில் தையல்காரம்மா நூல்கண்டுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். பந்தய நாள் காலையில் எப்போதும் அப்படித்தான். ஒவ்வொரு கண்டும் ஒரு குதிரை. அவர் நகர்த்தி நகர்த்தி இடம் மாற்றுவார், மைக்காரர் பார்த்துச் சட்டை வண்ணத்தையும் குதிரைப் பெயரையும் சொல்ல வேண்டும்.

"இது?"

"கறுப்பு, இளஞ்சிவப்புக் கை. தூரத்து இடி."

"இது?"

"பச்சையில வெள்ளைப் புள்ளி. நல்லவேளை."

"இது ரெண்டும்?" சிவப்புக் கண்டையும் வெள்ளைக் கண்டையும் சேர்த்து முன்னால் தள்ளினார்.

மைக்காரர் கொஞ்சம் நிதானித்தார். ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் அந்த ஓட்டத்தில் இறங்கின. இரண்டு ஜாக்கிக்கும் ஒரே சட்டை, நீலத்தில் மஞ்சள் பட்டை. தொப்பியை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும். முதலாளியின் செல்லக் குதிரைக்குச் சிவப்புத் தொப்பி. ஒப்புக்கு இறங்கும் இன்னொன்றுக்கு வெள்ளைத் தொப்பி.

"சிவப்புத் தொப்பி ராஜமுத்திரை. வெள்ளைத் தொப்பி…" தொண்டையைச் செருமிக்கொண்டார். "மின்மினி."

"அதை மட்டும் ஏம்ப்பா ஊதி ஆத்தற மாதிரி மெதுவா சொல்றீங்க?" என்றாள் மேஜையின் மறுகோடியில் இருந்த கடுகு. மின்மினியை ஓட்டப்போகிறவள் அவள்தான். அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு பாதியும், வெள்ளரிக்காய்த் துண்டு இரண்டும் இருந்தன. எடை கூடிவிடக் கூடாது என்று ஒரு வாரமாக இதுதான் சாப்பாடு. அதை ஏதோ விருந்து போலச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா எங்க சொன்னேன்? எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் சொன்னேன்."

"நீங்க சொன்ன விதத்துல மின்மினிக்கு ஜலதோஷமே பிடிச்சிருக்கும்" என்று வாசலில் இருந்தே குரல் கொடுத்தபடி உள்ளே வந்தார் லாடக்காரர். தையல்காரம்மாவின் தம்பி. கையில் இருந்த ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவின் தையல் மெஷின் மேல் சாய்க்கப் போய், ஓர் அதட்டலில் வாசலுக்கே திரும்பினார். அந்த மீசை அவருக்கு முன்னால் அறைக்குள் வரும் என்பார்கள். அதற்கு எண்ணெய் போட்டு நீவிவிட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு குதிரைக்கு நாலு காலிலும் லாடம் அடித்துவிடலாம்.

"மின்மினிக்கு நேத்தே லாடம் மாத்தியாச்சு. பூ மாதிரி நிக்கறா. மண்ணு ஈரமா இருக்கில்ல, அவளுக்கு இது தாய்வீடு. கடுகு, பிடியை மட்டும் கடைசி வரைக்கும் தளர்த்தாம வெச்சுக்கோ."

"சரி மாமா."

"அத்தான், நீங்களும் பிடியைத் தளர்த்தாதீங்க. ஊரே உங்க குரலைத்தான் கவனிக்கப்போகுது. 'வருகிறது வருகிறது என் கண்ணுக்குட்டி வருகிறது'ன்னு கத்திட்டீங்கன்னா முடிஞ்சுது கதை."

விஷயம் வேடிக்கையாக இருந்தாலும் வேடிக்கை மட்டும் இல்லை. இரண்டு நாளைக்கு முன்னால் கிளப் செயலாளர் மைக்காரரைக் கூப்பிட்டு, "பொண்ணு ஓட்டறப்ப அப்பா மைக் பிடிச்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அந்த ஒரு ஓட்டத்துக்கு வேற ஆளைப் போட்டுடறேனே" என்று தன்மையாகத்தான் கேட்டார். சாதாரணமாக யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதருக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, "என் குரல்ல ஒரு இழை அவ பக்கம் சாய்ஞ்சா, அன்னைக்கே நாற்காலியை விட்டு இறங்கிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"உங்களை யாருங்க சபதம் போடச் சொன்னது?" என்று தையல்காரம்மா அன்றிலிருந்து பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். இப்போதும் கேட்டார்.

"அவ முதல் ஓட்டத்தை இன்னொருத்தன் சொல்லி நான் கேட்கணுமா?" என்றார் மைக்காரர். காய்கறிக் கடைக் குரலில்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கடுகு வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். நீங்க முன்னாடி போற குதிரைங்களைத்தான் அடிக்கடி சொல்வீங்க. பின்னாடி வர்றது பேரே வராது. மின்மினி எங்க இருந்தாலும் ஒரு தடவை அவ பேரைச் சொல்லிடுங்க. எனக்கு ஓட்டத்துக்குள்ள இருந்து அதைக் கேட்கணும். சின்ன வயசுல இருந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுதானே கேட்டேன்."

"சொல்லுவேன்" என்றார் அவர். "எல்லா குதிரைக்கும் சொல்ற மாதிரி."

"உடைஞ்சுடுவீங்க அத்தான்" என்றார் லாடக்காரர். "உடையாம ஓட்டத்தை முடிச்சுட்டீங்கன்னா இந்த மீசையை எடுத்துடறேன். போதுமா?"

"எடுத்துட்டு என் கண்ணுல முழிக்காதே. உன்னை அப்படிப் பார்க்கற தைரியம் எனக்கு இல்லை" என்றார் தையல்காரம்மா. பிறகு மகளின் தலையைத் தடவி, "சாயங்காலம் என்ன வேணும் உனக்கு? எடை பார்க்க வேண்டாம், வயிறாறச் சாப்பிடு" என்றார்.

"உருளைக்கிழங்கு" என்றாள் கடுகு கண்ணை மூடிக்கொண்டு. "எண்ணெயில முறுகப் பொரிச்சு. ஒரு சட்டி நிறைய."

மத்தியானம் தூறல் நின்று வானம் வெளுத்தது. கூட்டம் வந்துகொண்டே இருந்தது. குடையை மடக்கிக்கொண்டு வந்தவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்கள், வேலைக்குப் போகாமல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். ஓர் ஓட்டம் முடிய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு தம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்காக இத்தனை ஜனம் ஏன் வருகிறது என்று கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. குதிரைகள் கிளம்பும் கூண்டின் கதவு திறப்பதற்கு முந்தின கணத்தில், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த அமைதியை வேறு எங்கே போய்க் கேட்பது?

சட்டை அறையில் தையல்காரம்மா நீலச் சட்டைகள் இரண்டையும் எடுத்து வைத்தார். முதலில் வந்தவர் ராஜமுத்திரையின் ஜாக்கி. மைதானத்திலேயே மூத்தவர். எல்லாருக்கும் அவர் பெரியதலை, அவர் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். உடம்பு மணிக்கட்டு கனம்தான் இருக்கும். தலை மட்டும் தாராளம். அதில் புதுசாக ஒரு ஹெல்மெட் வேறு வாங்கியிருந்தார். தையல்காரம்மா சிவப்புத் துணித் தொப்பியை அதன் மேல் இழுத்து மாட்டப் பார்த்தார். முன்பக்கம் இறங்கினால் பின்பக்கம் எழுந்தது. பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தபோது தையல் ஒன்று 'டப்' என்றது.

"உங்க தலை வளர்ந்துட்டே போகுதா அண்ணே?"

"தலை அப்படியேதாம்மா இருக்கு. உன் தொப்பிதான் துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிப்போச்சு."

வெள்ளைத் தொப்பி பழசு. ரப்பர் தளர்ந்து தாராளமாக இருந்தது. அதை எடுத்து மாட்டினார், கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்குள் ஜாக்கிகளை எடை போடும் இடத்திலிருந்து மணி அடித்தது. இனி புதிதாகத் தைக்க நேரமில்லை.

"தொப்பியை மாத்திக்கறோம். வெள்ளை உங்களுக்கு, சிவப்பு எங்க பொண்ணுக்கு" என்றார் தையல்காரம்மா. எடை போடும் குமாஸ்தாவிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். அவரும் ஆட்சேபிக்கவில்லை. மாற்றத்தை வாசல் அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னார். "மேல வர்ணனை அறைக்கும் போன் பண்ணிச் சொல்லிடறேம்மா, நீங்க போங்க" என்றார்.

கடுகு வந்தாள். சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, சிறிய ஹெல்மெட்டின் மேல் சிவப்புத் தொப்பியை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துக் கட்டினார் அம்மா. "ரொம்ப இறுக்கறியேம்மா, மூச்சு முட்டுது" என்றாள் கடுகு. "முட்டட்டும். கழண்டு விழறதுக்கு அது பரவாயில்லை" என்றார்.

மேலே வர்ணனை அறையில் மைக்காரர் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வந்து உட்கார்ந்ததிலிருந்து அது ஓயவில்லை. டிக்கெட் கவுண்டரிலிருந்து ஒருவர், "சார், பொண்ணு பேரைச் சொல்றப்ப தண்ணி குடிச்சுக்கோங்க" என்றார். கேன்டீனிலிருந்து இன்னொருவர் கைக்குட்டை அனுப்பட்டுமா என்று கேட்டார். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தால் மைத்துனர் லாடக்காரர், பேசாமல் மூக்கை மட்டும் உறிஞ்சினார். மைக்காரர் ரிசீவரை எடுத்து மேஜை மேல் மல்லாக்கப் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் கீழே இறங்கி, குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வட்டத்தின் அருகே நின்று, வண்ணங்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு மேலே ஏறுவது அவர் பழக்கம். மழையானாலும் வெயிலானாலும் தவறியதில்லை. இந்த ஓட்டத்துக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. சேணத்தில் மகளைப் பார்த்துவிட்டால் குரல் என்ன ஆகும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நூல்கண்டு வரிசைதான் மனசில் இருக்கிறதே. சிவப்பு ராஜமுத்திரை. வெள்ளை மின்மினி.

குமாஸ்தா போன் பண்ணினார். எங்கேஜ்டு என்று வந்தது. இன்னொரு தடவை பண்ணினார். அதற்குள் குதிரைகள் பாதைக்கு இறங்கிவிட்டன. பலகையில்தான் எழுதியாயிற்றே என்று விட்டுவிட்டார்.

சட்டை அறை வாசலுக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி தொங்கியது. அதன் கீழே தையல்காரம்மா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் லாடக்காரர். மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"கிளம்பிவிட்டன" என்றது குரல்.

குரலில் ஒரு சுருக்கம் இல்லை. எப்போதும் போலத் தண்ணீர் ஓடுகிற மாதிரி. "தூரத்து இடி முதலில். உள்பக்கம் நல்லவேளை. வெள்ளைத் தொப்பி மின்மினி மூன்றாவதாக, நல்ல தொடக்கம். ராஜமுத்திரை இன்று பின்னால் தங்கியிருக்கிறது, கடைசிக்கு முந்திய இடம்."

தையல்காரம்மா திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். "என்னடா சொல்றார்? மூணாவதா போறது பெரியதலைடா. நம்ம பொண்ணு சிவப்புத் தொப்பி, அதோ பின்னால!"

"அத்தானுக்குத் தெரியாதா?"

"குமாஸ்தா போன் பண்ணேன்னாரே!" ஒலிபெருக்கியைப் பார்த்து, "என்னங்க, அது அவ இல்லைங்க!" என்று கத்தினார். வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

குதிரைகள் தூரத்து வளைவில் திரும்பின. ஈர மண் தெறித்து, பின்னால் வந்த குதிரைகளின் சேணத் துணியில் இருந்த எண்கள் மறைந்து போயின. தொப்பிகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. வெள்ளைப் புள்ளி மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது.

"மின்மினி தளர்கிறது. நான்காவது. இப்போது ஐந்தாவது."

கேட்டவர்களுக்கு அந்தக் குரலில் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. தையல்காரம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. 'ஐந்தாவது' என்பதற்கு முன்னால் அவர் எச்சில் விழுங்கினார். மகள் தோற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஓர் இழை சாயாமல் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசி நேர்ப்பாதை. வெளிப்பக்கத்திலிருந்து ஒரு சிவப்புத் தொப்பி கிளம்பியது.

"ராஜமுத்திரை! வெளிப்பக்கம் ராஜமுத்திரை இடம் பிடிக்கிறது. நல்லவேளையைக் கடந்துவிட்டது. முன்னால் தூரத்து இடி மட்டும்தான். ராஜமுத்திரை நெருங்குகிறது, ராஜமுத்திரை பறந்து வருகிறது!"

"அது உங்க பொண்ணுய்யா!" என்று லாடக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "போடி கடுகு! போ போ போ! பிடியை விடாதே!" பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த ஆள் யார் என்று இன்று வரை தெரியாது. அவரும் சேர்ந்து கத்தினார். சிறிய பெட்டைக் குதிரை, முழுக்கச் சேறு, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடியது. அதன் பிடரிக்கு மேல் ஒட்டிக்கொண்டு நீலத்தில் மஞ்சள் பட்டை. இரண்டு குதிரையும் தலைக்குத் தலை வந்தன. பிறகு ஒரு தலை முன்னால் போனது.

"ராஜமுத்திரை வெற்றி" என்றது குரல், அமைதியாக. "தூரத்து இடி இரண்டாவது. நல்லவேளை மூன்றாவது." கொஞ்சம் இடைவெளி விட்டு, "மின்மினி ஆறாவதாக வந்தது. முதல் ஓட்டத்துக்கு மோசமில்லை."

மைதானம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிறகு முடிவுப் பலகையில் வென்ற குதிரையின் எண் ஏறியது. முணுமுணுப்பு சிரிப்பாக மாறியது. சிரிப்பு கைதட்டலாக மாறியது. மைக்காரர் பலகையைப் பார்த்தார். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் கீழே பார்த்தார். குதிரைகள் நடையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. சிவப்புத் தொப்பிக்குக் கீழே, சேற்றுக்கு நடுவில், அவருக்கு மிகவும் தெரிந்த பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

மறுபடியும் மைக்கை எடுத்தார்.

"திருத்தம். வெற்றி பெற்ற குதிரை மின்மினி. தொப்பி மாறியதை நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது. மீண்டும் சொல்கிறேன், வெற்றி மின்மினி."

அவ்வளவுதான். ஓர் இழைகூடச் சாயவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவர் கீழே இறங்கியபோது செயலாளர் அறை வாசலில் எல்லாரும் இருந்தார்கள். தையல்காரம்மா, லாடக்காரர், குமாஸ்தா. கூடவே தலையிலிருந்து வெள்ளைத் தொப்பியைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த பெரியதலை.

"நான் பின்னால சேத்தைத் தின்னுட்டு வர்றேன், ராஜமுத்திரை பறந்து வருதுன்னு மைக்ல சொல்றீங்க. என் குதிரை எனக்குத் தெரியாம எப்பய்யா போச்சுன்னு குனிஞ்சு பார்த்தேன்!" என்றார் பெரியதலை.

மைக்காரர் நேராக உள்ளே போய்ச் செயலாளர் முன்னால் நின்றார். "நாளைலேருந்து வேற ஆளைப் போட்டுக்கோங்க சார். தப்பா சொல்லிட்டேன். கீழ வந்து பார்க்காம இருந்தது என் தப்பு. போனை எடுத்து வெச்சதும் என் தப்பு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "பொண்ணை ஜெயிக்க வெச்சுடுவீங்களோன்னுதான் நாங்க பயந்தோம். நீங்க ஜெயிச்ச பொண்ணையே ஆறாவதா தள்ளிட்டீங்களே! உங்க மேல பாரபட்சம்னு இனிமே இந்த ஊர்ல எவன் வாயைத் திறப்பான்?"

"அது இல்லை சார்…"

"பாருங்க, நீங்க போட்ட சபதம் என்ன? குரல் சாயக் கூடாது. சாயலை. நாற்காலி உங்களுதுதான். ஆனா தண்டனை உண்டு. அடுத்த தடவை பொண்ணு ஓட்டறப்ப, முதல்ல கீழ இறங்கி அவளைக் கண்ணாரப் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் மேல ஏறணும். பார்க்காம இருந்ததாலதானே இத்தனையும்?"

மைக்காரர் தலையாட்டினார். வெளியே வந்தபோது கடுகு ஓடிவந்து, சேறும் வேர்வையுமாக அப்படியே அவர் மேல் விழுந்தாள். அவர் அவளுடைய ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து எண்ணெய் வாசனை தெருக்கோடி வரை வந்தது. தையல்காரம்மா உருளைக்கிழங்கைச் சட்டி சட்டியாகப் பொரித்து எடுத்தார். கடுகு காலை மடித்து நாற்காலியில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதிக்கொண்டே தின்றாள்.

"நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலைம்மா. 'ராஜமுத்திரை பறந்து வருகிறது'ன்னு அப்பா குரல் கேட்டுச்சு. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், அது என் முதுகுக்குப் பின்னாடியே வந்துடுச்சு போலன்னு நினைச்சுட்டேன். அந்தப் பயத்துலதான் விடாம ஓட்டினேன். இல்லன்னா இரண்டாவது இடமே போதும்னு பிடியைத் தளர்த்தியிருப்பேன்."

"அப்போ உன்னை நீயேதான் துரத்தியிருக்கே!" என்றார் தையல்காரம்மா.

அந்த நேரத்தில் வாசலில் லாடக்காரர் வந்து நின்றார். ஒரு துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். பல்வலியா என்று கேட்டார் அக்கா. அவர் துண்டை எடுத்தார். மூக்குக்குக் கீழே வெள்ளை வெளேரென்று, வெயிலே பார்க்காத ஓர் இடம்.

கடுகுக்குப் புரையேறியது. தையல்காரம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடவுளே, எங்க அம்மா முகம் அப்படியே!"

"சிரிங்க, சிரிங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன் நான். அத்தான் உடையலை. அதான் எடுத்துட்டேன்" என்றார் லாடக்காரர். "வழியில வைக்கோல் வண்டிக்காரன், 'லாடக்காரர் வீட்ல இருக்காரா தம்பி'ன்னு என்கிட்டயே கேட்கறான்."

சிரிப்பு அடங்கியதும் கடுகு அப்பாவைப் பார்த்தாள்.

"எல்லாம் சரிப்பா. ஆனா நான் கேட்டது எனக்குக் கிடைக்கவே இல்லை. ஓட்டத்துக்குள்ள மின்மினி பேர்ல என் காதுல விழுந்ததெல்லாம் 'மின்மினி தளர்கிறது'தான்."

மைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், நூல்கண்டுப் பெட்டியை எடுத்து வந்தார். தட்டுகளை ஓரமாக நகர்த்தினார். கறுப்புக் கண்டு, பச்சைக் கண்டு, எல்லாவற்றையும் மேஜையின் ஒரு கோடியில் நிறுத்தினார். சிவப்புக் கண்டை எடுத்துக் கணவர் முன்னால் காட்டினார்.

"இது யாரு?"

"மின்மினி" என்றார் அவர்.

"சத்தமா."

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "கிளம்பிவிட்டன" என்றார். காய்கறிக் கடைக் குரல் இல்லை. மைதானத்துக் குரல். எதிர் வீட்டில் யாரோ டிவியை அணைத்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தையல்காரம்மாவின் விரல்கள் கண்டுகளை நகர்த்தின. தூரத்து இடி முதலில் போனது. பெரியதலையின் வெள்ளைக் கண்டு சாம்பார்க் கரண்டியைச் சுற்றி வளைந்து பின்வாங்கியது. சிவப்புக் கண்டு தண்ணீர்ச் சொம்பின் வளைவைத் தாண்டி வெளியே வந்தது.

"மின்மினி! வெளிப்பக்கம் மின்மினி இடம் பிடிக்கிறது. நல்லவேளையைக் கடந்துவிட்டது. என்ன ஓட்டம், என்ன நிதானம்! சேணத்தில் யார் பாருங்கள், இரண்டு முறை தோள் இறங்கியவள், பனியில் மூக்கு சிவக்க வீட்டுக்கு வருகிறவள்…" குரல் கரகரத்தது. "என் பொண்ணு. என் பொண்ணு வர்றா பாருங்க…"

"இதை மத்தியானமே செஞ்சிருந்தீங்கன்னா என் மீசை தப்பிச்சிருக்குமே அத்தான்!" என்றார் லாடக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிவப்புக் கண்டு மேஜை விளிம்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தையல்காரம்மா நகர்த்தவில்லை, கணவர் சொல்வதற்காகக் காத்திருந்தார். அவர் விடுவதாக இல்லை. மின்மினியின் கழுத்தைச் சொன்னார், காதைச் சொன்னார், தெறிக்கிற சேற்றைச் சொன்னார். கடிவாளம் பிடித்த மகளின் கையைச் சொன்னார், அது பிறந்தபோது எவ்வளவு சின்னதாக இருந்தது என்பதையும் சொன்னார். மைதானத்தில் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துபோன அந்தக் கடைசித் தூரம், அவர் வாயில் நீண்டுகொண்டே போனது.

"அப்பா, சீக்கிரம் ஜெயிக்க வைப்பா" என்றாள் கடுகு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "உருளைக்கிழங்கு ஆறுது."

"இரும்மா" என்றார் மைக்காரர். "இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு."